கயிற்றின் மறுமுனை

“கூடப் பொறந்தவன்னு சொன்னியே. ஏசுவக் கும்புடுற வேதக்கார வீட்டுல திருநீறு பூசுவாங்களா?”

காத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் பாயில் சுருண்டு கிடந்த லூர்துநாதனின் நெற்றியைப் பார்த்தபடி உபதேசியார் பாக்கியசாமி நின்றார்.

“உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சிங்க. பயத்துல பூசிட்டேன்.”

“பதினோரு நாளா ஜெபத்துல வாய மட்டும் அசைச்சே. பாட்டுதான் தெரியலன்னு நெனச்சேன்.”

அது செஞ்சிக்கு வெளியே இருந்த அந்தோணியார் கோயில் கொட்டகை. புத்தி கலங்கியவர்களும் அபினில் விழுந்தவர்களும் அங்கே நாற்பது நாள் தங்குவார்கள். கதவு கிடையாது. நோயாளியின் மணிக்கட்டில் ஒரு கயிறு. அதன் மறுமுனை ரத்த உறவின் கையில். கூலிக்குக் கயிறு பிடித்த ஒருவன் தூங்கிப்போய், நோயாளி கிணற்றில் விழுந்ததிலிருந்து அந்த வழக்கம்.

லூர்துநாதனுக்குப் பத்தொன்பது வயது. பெற்றோரை வாந்திபேதி கொண்டுபோன பிறகு தொண்டூரிலிருந்து வந்து, கடைத்தெருவில் மூட்டை தூக்கி, சந்தைக் கொட்டகையில் படுத்தான். பசியை மறக்க அபின் பழகினான். பிறகு செத்துப்போன அம்மாவோடு மட்டுமே பேசினான். பைத்தியம் என்று ஊர் கல்லெறிந்தபோது, அதே சந்தைக் கொட்டகையில் படுக்கும் விறகுக்காரி காத்தாயிதான் தன் களியில் பாதியை அவனுக்குக் கொடுத்தாள். அவள்தான் இங்கே அழைத்து வந்தாள், அக்கா என்று சொல்லிக்கொண்டு. நேற்றுதான் முதல்முறையாக அவனே கஞ்சி கேட்டான்.

“கஞ்சிக்கு அரிசி கேட்டு இவன் சித்தப்பன்கிட்ட ஆள் அனுப்பினேன்” என்றார் உபதேசியார். “இவன் கூடப் பொம்பளப் புள்ளயே பொறக்கலியாம். இவனையும் தலமுழுகிட்டாங்களாம்.”

“நான் தூங்க மாட்டேங்க.”

“நீ நல்லவதான், புள்ள. நாளைக்கு இவனுக்கு ஒண்ணு ஆனா, யாரு நீன்னு பங்குச் சாமியாரு கேப்பாரு. நான் இன்னா சொல்லட்டும்? அவுத்துடு.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். தன் மணிக்கட்டு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். வியர்வையில் இறுகியிருந்தது.

லூர்துநாதனின் விரல்கள் வந்து அந்த முடிச்சை மூடின. மழையில் ஊறிய மரம்போலக் கனத்த உடம்போடு மெல்ல எழுந்து உட்கார்ந்தான். அம்மா நிற்பதாக அவன் எப்போதும் பார்க்கும் மூலையைப் பார்க்கவில்லை. உபதேசியாரைப் பார்த்தான்.

“ஐயா, இவ போயிட்டா நான் அபினிக்குத்தான் போவேன். நாப்பது நாளு கேக்கல. இன்னிக்கி ஒரு நாளு மட்டும் இவள இங்க இருக்க உடுங்க. நாளைக்கி மறுபடியும் நானே கேக்கறேன்.”