ஆஸ்பத்திரியில் போட்ட கையெழுத்து

தீர்ப்பு வந்து ஐம்பத்திரண்டு நாளாகிவிட்டது. மேல்முறையீட்டுக்கு மிச்சம் எட்டே நாள். விஷ்ராந்த்வாடியில் வக்கீல் லக்ஷ்மிநாராயணனைப் பார்க்க ஸ்டெல்லா தனியாக வந்திருந்தாள். கணவன் எட்வினிடம் சொல்லவில்லை.

கணவன் மனைவி இருவரும் கூட்டாளிகளாகப் போசரியில் லேத் பட்டறை நடத்தினார்கள். ஒரு பம்பு கம்பெனிக்கு ஷாப்டு என்னும் சுழல்தண்டு கடைந்து கொடுக்கும் ஒப்பந்தம். தாமதமானால் நஷ்டமெல்லாம் பட்டறையின் தலையில் என்று பிற்பாடு, எட்வின் கையெழுத்தோடு ஒரு தாளையும் கம்பெனி சேர்த்துக்கொண்டது. சரக்கு தாமதமானது, கம்பெனி வழக்குப் போட்டது. தாளில் இருப்பது தன் கையெழுத்தே இல்லை என்று எட்வின் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான். கையெழுத்து நிபுணர் அவனுடையதுதான் என்றார். பொய் சொன்னவனின் மற்றப் பேச்சையும் நம்புவதற்கில்லை, நஷ்டம் முழுவதையும் பட்டறையே கட்ட வேண்டும் என்று நீதிபதி எழுதிவிட்டார்.

"அப்பீல்ல நிபுணர் ரிப்போர்ட்டே தப்புன்னு வாதாடிப் பாக்கலாம். நீங்களும் பார்ட்னர், அபிடவிட்ல கையெழுத்துப் போடணும்," என்றார் வக்கீல்.

"சார், அது அவரு கையெழுத்துதான்."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நெஞ்சு ஆபரேஷனுக்கு மறுநாள், சார். கம்பெனி மேனேஜர் பழம் வாங்கிட்டு வந்தாரு. இவருக்கு மயக்கம் முழுசாத் தெளியல. அவரு கையெழுத்துப் போட, தாள் வச்ச அட்டைய நான்தான் புடிச்சுக்கிட்டேன். என்ன தாளுன்னு ரெண்டு பேருமே படிக்கல."

"ஏம்மா, இதை மொதல்லயே சொல்லப்படாதா? கேஸே வேற மாதிரி போயிருக்குமே!"

"நெஞ்சுவலிக்காரன்னு தெரிஞ்சா எவனும் ஆர்டர் தரமாட்டான்னு அவரு என்னை வாயத் தொறக்க விடல. அவரு சத்தியம் பண்றப்ப நான் பின் பெஞ்சுலதான் இருந்தேன்."

"இனிமே பிரயோஜனமில்ல. கையெழுத்தே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு, மயக்கத்துல போட்டேன்னா எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது."

அன்று மாலை சாங்வி வீட்டில் நிபுணர் சொன்னது தப்பு என்று வக்கீல் முன்பே எழுதி அனுப்பியிருந்த அபிடவிட்டை எட்வின் அவள் பக்கம் நகர்த்தினான்.

"போட்டுடு ஸ்டெல்லா. பட்டறை போயிரும்."

"தெரியும். அன்னைக்குச் சும்மா இருந்துட்டேன். இன்னைக்கும் பொய்யில கையெழுத்துப் போட என்னால ஆகாது."

அதன்பின் அவன் அவளோடு பேசவில்லை. கையெழுத்து விவகாரத்தை விட்டுவிட்டு, நஷ்டக் கணக்கு அதிகம் என்று மட்டும் வக்கீல் மேல்முறையீடு செய்தார். மும்பை உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. ஆனால் பாதித் தொகையைக் கட்டினால்தான் தீர்ப்பை நிறுத்திவைக்கும் தடையுத்தரவு என்றது. கட்ட வழியில்லை.

மழை பிடித்த இரண்டாம் வாரம் பட்டறை எந்திரங்களை ஜப்தி செய்யக் கோர்ட்டு ஆட்கள் லாரியோடு வந்தார்கள். ஓரமாக நின்ற எட்வின், பெரிய லேத்துக்குக் கயிறு போடுவதைப் பார்த்ததும் ஓடினான்.

"ஸ்பிண்டில்ல கட்டாதீங்க, வளைஞ்சிரும்! அடியில குடுங்க," என்று இந்தியில் கத்தினான்.

அவன் சொன்னபடியே கட்டித் தூக்கினார்கள். லாரி போனதும் தரையில் போல்ட்டுகள் பெயர்ந்த குழிகளைப் பார்த்தபடி, பக்கத்தில் நின்ற அவளிடம் பல வாரங்களுக்குப் பிறகு வாய் திறந்தான்.

"அப்பீல் இன்னும் நிலுவைலதானே இருக்கு?"

"இருக்கு," என்றாள் ஸ்டெல்லா.