கண்ணாடிக்குப் பின்னால்

சமோவாவின் படகுத்துறையில் சீட்டு கொடுக்கும் லோசாவின் கணினி, புது சிஸ்டம் ஏற்றியதிலிருந்து ஊர்ந்தது. சேப்பங்கிழங்குக் கூடைகளோடு வரிசை வெயிலில் வெந்தது.

"என்ன லோசா, படகைக் கட்டி முடிச்சுட்டுத்தான் சீட்டு தருவியா?" வரிசையிலிருந்து ஒரு குரல்.

பழுதுபார்க்க வந்த ஃபெட்டு சிரித்தான். "திரையில கட்டத்தையெல்லாம் கண்ணாடி மாதிரி காட்டுற இந்த மினுக்குதான் மெஷினைத் திங்குதுக்கா. அணைச்சா பறக்கும்."

"அணைச்சுத் தொலை."

கணினி பறந்தது. ஆனால் திரையில் விரியும் கட்டங்களின் கண்ணாடி ஓரங்கள் சாம்பல் சுவராகிவிட்டன. நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போன கணவன் இயோசெஃபோவை அவள் திரையின் பின்னணிப் படமாக வைத்திருந்தாள்; அந்தப் படம் இதுவரை அந்தக் கண்ணாடி ஓரங்களின் வழியேதான் வேலைக்கு நடுவே மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது.

"திரும்பப் போடுடா."

"வரிசையில நிக்கிறவங்க கத்துவாங்கக்கா."

"கத்தட்டும். நான் மட்டும் காத்துக்கிட்டு இல்லையா?"