முள்ளை முந்திய வண்டி

தன் மீட்டர் முள்ளையே முந்தி ஓடும் வண்டி பெங்களூரில் என் பிக்கப் ஒன்றுதான். பெரிய சக்கரம் மாட்டியபின் பள்ளங்கள் வழிவிடுகின்றன. டீசலை யானை போலக் குடிக்கிறது, ஏறுவதற்கு என் மனைவி மௌரீனுக்கு ஏணி வேண்டும். சக்கரம் பெரிதானதால் முள் அறுபது காட்டினால் ஓடுவது எழுபது.

"ரீல் விடாத மாப்ளே," என்றார் அவள் அண்ணன் தியோடர். தங்கவயலில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி, ஒருமுறைகூட அபராதம் வாங்காதவர். என் புளுகை உடைக்க, அவரே என் வண்டியை எடுத்து, தொம்மலூர் வரை முள்ளை அறுபதிலேயே நிறுத்தி ஓட்டினார்.

மூன்றாம் நாள் என் போனுக்கு அபராதச் சீட்டு வந்தது. எல்லை அறுபது, வேகம் எழுபது, படத்தில் தியோடர்.

"முள்ளு அறுபதுலதானே இருந்துச்சு மச்சான்?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இருந்துச்சு. நீ சொன்னது நெசந்தான் மாப்ளே."