படியில்லாத வீடு

தங்கையின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று எல்லை தாண்டிப் போன அக்காவின் வலது கை, தங்கை புருஷனுடைய சலவைக் கடையில் மெஷினுக்குள் மாட்டிக்கொண்டது. விடுதிகளின் படுக்கை விரிப்புகளைச் சுடச்சுட அழுத்தித் தள்ளும் உருளை மெஷின் அது. விரல் உள்ளே போகாமலிருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். வேலை மந்தமாகிறது என்று அதைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தவன் அவனேதான்.

அக்கா ஊரில் தையல்காரி. கட்டினவன் விட்டுவிட்டுப் போன பிறகு அந்தக் கைதான் அவளுக்குச் சோறு போட்டது. தங்கையைப் படிக்க வைத்ததும் அதே கைதான். அக்காவுக்குக் கிடைத்த விசாவில் விருந்தாளியாகத் தங்கலாம், வேலை மட்டும் செய்யக் கூடாது. ஆனால் சொந்தத்துக்குள் எதை வேலை என்பது? கடைக்கு வேலைக்கு வருகிற ஆள் நின்றுபோன அன்று, குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து மாப்பிள்ளை வந்து நின்றான். சும்மாதானே இருக்கீங்க அண்ணி, கொஞ்சம் கை குடுங்க, நமக்குள்ள என்ன என்றான். அந்த 'நமக்குள்ள என்ன' இருக்கிறதே, பொல்லாத வார்த்தை. வாயைத் திறந்தால் அவனுக்கு அதுதான் வரும். சம்பளப் பேச்சை அவன் எடுக்கவுமில்லை, எடுத்திருந்தால் அவளுக்குக் கூசிப்போயிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னான்: வீட்டுப் படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அங்கேயே நிரந்தரமாக வசிக்க அனுமதி கேட்டு அவன் விண்ணப்பித்திருந்தான், முடிவு வரும் சமயம். விருந்தாளியாக வந்தவளை வேலை வாங்கினான் என்று தெரிந்தால் பச்சைக் குழந்தையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். பயத்தில் வாய்க்கு வந்த பொய் அது. கடையின் முதுகோடு ஒட்டிக் கிடந்த அவர்கள் வீட்டில் படியே கிடையாது என்பது அவனுக்கு உறைக்கவேயில்லை.

டாக்டருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. படியில் விழுந்தால் கை நசுங்கலாம், வேகுமா? அவர் சொல்லி, வேலையில் அடிபட்டவர்களுக்காக வாதாடும் ஒரு வக்கீலம்மா வந்தார். நல்லவேளையாகத் தமிழ் தெரிந்தவர். அடிபட்டவள் எந்த விசாவில் வந்தாள் என்று இந்த ஊர்ச் சட்டம் பார்க்காது, கடைதான் வைத்தியச் செலவும் நஷ்டஈடும் தர வேண்டும் என்றார். கடைக்காரருக்குச் சிக்கல் வரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"உண்மையச் சொன்னீங்கன்னா இங்கயே ஆபரேஷன் பண்ணி விரல மடங்க வச்சிரலாம். படிதான்னு சொல்லிட்டீங்கன்னா என் கையில ஒண்ணுமே இல்லம்மா."

அக்கா சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். ஊரில் பாதி தைத்துப் போட்டுவிட்டு வந்த துணிகளெல்லாம் கண்ணுக்குள் வந்தன. அந்த நேரம் பார்த்துத் தங்கை உள்ளே வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை அக்காவின் மடியில் கிடத்திவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் போய்த் தரையைப் பார்த்து நின்றாள். அழுதிருந்தால்கூட நாலு திட்டு திட்டி மனசைக் கல்லாக்கிக் கொண்டிருக்கலாம். அவள் அழவுமில்லை.

"படியிலதாம்மா விழுந்தேன்" என்றாள் அக்கா.

வக்கீலம்மா பையை எடுத்துக்கொண்டு போனார். தங்கை அக்காவின் இடது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாங்கள் இங்கே நிலைத்ததும் உன்னைக் கூப்பிட்டுக் கூடவே வைத்துக்கொள்வோம் என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதில் பழி சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரிச் செலவுக்காக, படியில் விழுந்ததாக எழுதி அக்காவிடம் கையெழுத்து வாங்கி, அவளுடைய பயணக் காப்பீட்டில் பணம் கேட்டிருந்தான் மாப்பிள்ளை. காப்பீட்டுக்காரர் ஒருவர் வீட்டுக்கு விசாரிக்க வந்தார். விழுந்த படியைக் காட்டுங்கள் என்றார். மாப்பிள்ளை திருதிருவென்று விழித்துவிட்டு, வாசலில் மழைத் தண்ணீருக்காகப் போட்டிருந்த ஒற்றைக் கல்லைக் காட்டினான். வந்தவர் கல்லைப் பார்த்தார், அக்காவின் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். பொய் சொல்லிக் காப்பீடு கேட்டிருக்கிறாள் என்று கைவிரித்துவிட்டார்கள். விஷயம் குடியேற்ற அலுவலகம் வரை போனது. பொய் என்று வந்தால் யார் பொய்? கையெழுத்துப் போட்டவள் பொய்தான், அதுவும் இடது கையால் போட்டது. ஆபரேஷன் இல்லாமலே ஊருக்கு அனுப்பினார்கள். இனி நீங்கள் இந்த நாட்டுக்குள் வர முடியாது என்று விமான நிலையத்தில் ஓர் அதிகாரி மரியாதையாகவே சொன்னார். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கி வந்தான். அன்றைக்கு மட்டும் அவன் வாயில் 'நமக்குள்ள என்ன' வரவில்லை.

ஊர் டாக்டர் தாமதமாகிவிட்டது என்று உதட்டைப் பிதுக்கினார். விரல்கள் விறைத்தது விறைத்ததுதான். கத்தரிக்கோலைக்கூடப் பிடிக்க முடியவில்லை. துணி கொடுத்தவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டே வந்து வாங்கிப் போய்விட்டார்கள்.

பிள்ளை நடக்கத் தொடங்கியபோது தங்கை போனில் கூப்பிட்டாள். அனுமதி கிடைத்துவிட்டதாம். அக்காவுக்கு உண்மையிலேயே நெஞ்சு குளிர்ந்தது. சந்தோஷமெல்லாம் பேசி முடித்தபின், தன்னைக் கூப்பிட்டுக்கொள்ளும் பேச்சை மெல்ல எடுத்தாள். தங்கை இழுத்து இழுத்துப் பேசினாள். உன் பெயரில் பொய் சொன்னதாகப் பதிந்திருக்கிறார்கள், உனக்காகப் போய் நின்றால் எங்களையும் கிண்டுவார்கள், அவர் வேண்டாம் என்கிறார் என்றாள்.

"கையும் இப்படி ஆயிருச்சு, பாவம். நீயும் படியில கொஞ்சம் பாத்து எறங்கியிருக்கலாம்க்கா."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, தங்கைக்கு அந்தப் படி நடந்த கதையாகவே ஆகிப்போயிருந்தது.

"உங்க வீட்டுல படி எங்கடி இருக்கு?"

அந்தப் பக்கம் பிள்ளை எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு தங்கையின் குரல் வந்தது. கோபம்தான் இருந்தது அதில்.

"அத அன்னைக்கு அந்த வக்கீலம்மா கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல? நானா ஒன் வாயப் பொத்தினேன்?"

பொத்தவில்லைதான். பிள்ளையை மடியில் கிடத்தினாள், அவ்வளவுதான்.