சேனை தொட்டது யார்

பொன்செல்விக்கு இடது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. தாராவியில் பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறையில் மெசின் இழுத்துக்கொண்டது. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் திரும்பி வருவதற்குள் மெசினைக் கழுவி மறுபடி ஓட விட்டிருந்தார்கள். முதலாளியைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. மெசின் நின்றால் மற்றவர்களுக்கும் அன்றைக்குச் சோறு இல்லை.

சில வருடம் கழித்து, மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் மாநகராட்சியில் ஆயா வேலை கிடைத்தது. செம்பூர்ப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. போன அன்றே வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். "ஆராம்ஸே பைட்", நிம்மதியாக உட்கார் என்று அன்பாகத்தான் சொன்னார்கள். டீ வந்தது, வடாபாவ் வந்தது, வேலை மட்டும் வரவில்லை. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பட்டறையில் நின்று பழகிய உடம்புக்கு அந்த ஸ்டூல் பெரிய தண்டனையாக இருந்தது. போகிற வருகிற எல்லோரும் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தார்கள்.

உள்ளே இழுத்துக்கொண்டு போனது நாகலக்ஷ்மி சிஸ்டர். மாட்டுங்காத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள், வார்டுக்குப் பொறுப்பு. "சம்பளம் வாங்கறயோல்லியோ? எழுந்து வந்து வேலையைப் பாரு" என்றாள். இரக்கமே இல்லாத அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பொன்செல்விக்குக் கண் கலங்கியது.

பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பது இனிமேல் கிடையாது, எந்த ஆயாவாக இருந்தாலும் சக்கரத் தொட்டிலில் வைத்துத்தான் தள்ள வேண்டும் என்று சிஸ்டர் உத்தரவு போட்டாள். "ஒருத்திக்காக எல்லாரும் வண்டி தள்ளணுமா?" என்று சஃப்ரீன் ஆயா இந்தியில் முணுமுணுத்தாள். கொஞ்ச நாளில் அவளுடைய இடுப்புவலி குறைந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தொட்டிலைப் பற்றியும் அதற்குப் பிறகு பேசவில்லை.

மேலே ஆபீசில் இருந்தவர்களுக்குத்தான் உறுத்தல். சிஸ்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "இதோ பாரு, எழுத்து மூலமா ஒரே ஒரு கம்ப்ளைண்ட் வந்தாப் போறும், உன்னை மறுபடி வாசல்ல உக்கார வெச்சுடுவா. என்னால தடுக்க முடியாது."

கம்ப்ளைண்ட் சொந்தச் சனத்திடமிருந்தே கிளம்பியது.

தாராவி தோல் பட்டறையில் வேலை பார்க்கும் சொரிமுத்துவின் மனைவி தங்கமயிலுக்கு ஒருநாள் விடிகாலையில் பெண் பிள்ளை பிறந்தது. பல வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்துச் சனத்துக்குச் சேனை வைப்பது பெரிய காரியம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சீனித்தண்ணியை யார் தொட்டுவைக்கிறார்களோ அவர்கள் வாகும் ராசியும்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் அதற்குத் தடை, தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது. அதனால் தங்கமயிலின் அண்ணன், முறுக்குக் கடை நயினார், இருமல் மருந்து பாட்டிலில் சீனித்தண்ணியை ஊற்றிச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு சொரிமுத்துவோடு வந்தார்.

அவர்கள் வார்டுக்குள் நுழைந்த நேரம் பிள்ளை பனிக்குட நீரை லேசாகக் கக்கியிருந்தது. பொன்செல்வி ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்! என்னத்த வைக்க?" சொரிமுத்து பாய்ந்து வந்தான். "மச்சான், பாத்தியளா? சேனை வச்சிட்டா! கையில்லாதவ என் புள்ளைக்குச் சேனை வச்சிட்டா!"

"வாயத் தொடச்சேன் அண்ணாச்சி. கக்கியிருந்துச்சு."

"எங்கிட்டயே பொய்யா? பஞ்ச முக்கி வாயில வச்சத இந்தக் கண்ணால பாத்தேன். எம்புள்ளையும் உன்னைய மாதிரி ஆவணுமா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. பொன்செல்வி பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்குச் சேனை வச்சது எங்க ஊரு ரைஸ்மில் முதலாளி அண்ணாச்சி. பத்து வெரல்லயும் மோதிரம் போட்டிருப்பாராம். எனக்கு என்ன வந்துச்சு? நான் மெசினுக்குல்லா போனேன்."

நயினாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

நாகலக்ஷ்மி சிஸ்டர் வந்தாள். "யாரது கத்தறது? இது பிரசவ வார்டா, மீன் மார்க்கெட்டா?"

"கம்ப்ளைண்ட் எழுதணும் சிஸ்டர். இவள இங்க இருந்து தூக்கணும். ரெண்டு கையும் உள்ள ஆளே மும்பையில கெடைக்கலையா?"

சிஸ்டர் பொன்செல்வியைப் பார்த்தாள். "சீனித்தண்ணி வெச்சயா?"

"இல்ல சிஸ்டர். வைக்கவும் மாட்டேன்."

"அவ வெக்கலைங்கறா. அதுக்கு மேலயும் எழுதணும்னா உங்க இஷ்டம்." சிஸ்டர் ஒரு தாளையும் பேனாவையும் மேசையில் வைத்தாள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க எழுதுங்க மச்சான். உங்களுக்குத்தான் இந்தி எழுத வரும்."

நயினார் தயங்கியபடி பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அழ ஆரம்பித்தது. தங்கமயில் எடுத்து மார்பில் வைத்துப் பார்த்தாள். பிள்ளை பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பித் திருப்பி வீறிட்டது, உடம்பே சிவந்தது. தங்கமயிலும் கூடச் சேர்ந்து அழுதாள்.

நயினாரின் கை பைக்குப் போனது. "ரெண்டே சொட்டு சிஸ்டர், புள்ள வயிறு காயுது..."

"பாட்டிலை வெளில எடுத்தேள்னா வாட்ச்மேனைக் கூப்பிடுவேன்."

பொன்செல்வி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மேசையில் கிடந்த தாள் அப்போது அவள் ஞாபகத்திலேயே இல்லை. வலது உள்ளங்கையில் பிள்ளையின் பிடரியைத் தாங்கினாள். குறைக் கையைத் தங்கமயிலின் முழங்கைக்கு அடியில் தலையணைபோல முட்டுக் கொடுத்தாள். ஆண்கள் இருவரும் திரைக்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்குக் குரல் மட்டும் கேட்டது.

"குனியாதீங்க அக்கா, முதுகு வலிக்கும். புள்ளைய உங்ககிட்டக் கொண்டாங்க. ஆங்... எங்கையில நல்லா அழுத்திச் சாய்ஞ்சுக்கிடுங்க."

"உனக்கு வலிக்கும்ளா."

"வலிக்காது. வாயத் தெறக்கட்டும், அவசரப்படாதீங்க. இப்ப!"

அழுகை சட்டென்று நின்றது. பிள்ளை விழுங்கும் சத்தம் சன்னமாகக் கேட்டது. சொரிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டான்.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கமயில் திரைக்குள் இருந்தபடியே கேட்டாள். "எழுதியாச்சா?"

நயினார் சொரிமுத்துவைப் பார்த்தார்.

"எழுதுனா இதையும் சேத்து எழுதச் சொல்லுங்க. ராத்திரி பூரா நான் கத்தும்போது இடுப்ப நீவி விட்டது இவதான். நீங்க வாசல்ல பீடி குடிச்சிட்டு நின்னிய. முதச் சொட்டு என் பாலு, வாயில எடுத்து வச்சது இவ கை. எம்புள்ளைக்கு அதான் சேனை. இனி எவனும் வைக்க வேண்டாம், எங்கண்ணனா இருந்தாலும் சரி."

நயினார் பேனாவை மூடினார். "என்ன எழுத மாப்ள? புள்ள பால் குடிக்குதுன்னு எழுதவா?"

சொரிமுத்து தாளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். தாளை எடுத்துச் சிஸ்டரிடமே நீட்டினான். "வேண்டாம் சிஸ்டர். வெச்சுக்கிடுங்க."

"சீனித்தண்ணிய என்ன செய்ய?" என்றார் நயினார் பாவமாக.

"நீங்களே குடியுங்கோ. வெயில்ல வந்திருக்கேள்" என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் வேகமாக நடந்தாள். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள்.

பிள்ளை தூங்கியதும் பொன்செல்வி திரையை விலக்கினாள். "அண்ணாச்சி, புள்ளைய வாங்குதீளா? இப்படி உக்காருங்க. நின்னுக்கிட்டு வாங்கக் கூடாது."

உட்கார்ந்தான். தோல் அறுத்துக் காய்த்துப்போன இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் தன் ஒற்றைக் கையால் அவனுடைய கைகளைச் சேர்த்துவைத்து, தங்கமயில் மடியிலிருந்த பிள்ளையை அதில் கிடத்தினாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் குறைக் கையைப் பார்த்தான். முனையில் தையல் விழுந்த இடம் இன்னும் சுருங்கிக் கிடந்தது.

"என்ன மெசினு?"

"கிரைண்டர்."

தலையை ஆட்டினான். தாராவிக்காரனுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

"இப்பவும் வலிக்குமா?"

"மழ பெஞ்சா வலிக்கும்."

அவன் குனிந்து பிள்ளையின் நெற்றியில் இல்லாத தூசியை ஊதினான்.

"பொன்செல்வி! ஏழாம் பெட்!" சிஸ்டரின் குரல் வராந்தாவைத் தாண்டி வந்தது. "எவ்வளவு நேரம் ஒரே இடத்துல நிப்பே?"

"இந்தா வந்துட்டேன் சிஸ்டர்!" அவள் கிளம்பினாள். இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தாள். "தலைய விட்டுராதீங்க அண்ணாச்சி. கைய அசைக்காம இருங்க."

சொரிமுத்து அசையவில்லை. கன்னத்தில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டவில்லை.