பெரிய வெள்ளியில் வெள்ளை விரிப்பு

பெரிய வெள்ளிக்கிழமை காலை கோயில் கதவைத் திறந்ததும் பீடத்து அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த லுத்தரன் கோயிலின் பீடத்துக்குத் துணி உடுத்துவதும் களைவதும் அவள்தான். பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். நேற்று வியாழன் ஆராதனை முடிந்ததும் விரிப்பு, மெழுகுவர்த்தி, பூச்சாடி எல்லாவற்றையும் எடுத்துப் பீடத்தை வெறுமையாக்கியிருந்தாள். ஆண்டவர் மரித்த நாளில் அது அப்படித்தான் இருக்க வேண்டும். இப்போதோ ஈஸ்டருக்கான வெள்ளை விரிப்பும் லில்லிப் பூவும் புது மெழுகுவர்த்தியுமாகக் கல்யாணப் பெண் கணக்காக நின்றது.

"எவன் பார்த்த வேலை இது?" என்று கத்தினாள். "ஒன்பது மணிக்கு ஜனங்க வந்துடுவாங்களே! அந்தக் கோயில்பிள்ளைக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

கூட வந்த மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கோயிலைக் கூட்டி மணியடிக்கும் கோயில்பிள்ளை, பாவம், ஏற்கெனவே இரண்டு முறை மணியடிக்க மறந்து கமிட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். இன்னொரு தப்பு நடந்தால் வேலை போய்விடும்.

விரிப்பை உருவப் போனவளின் கை மூலையில் நின்றது. துணியை மூன்றாக உள்மடித்து, ஊக்கு வெளியே தெரியாமல் குத்தியிருந்தது. அந்த மடிப்பை அவள் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. விரிப்புகளைப் பூட்டி வைக்கும் அலமாரியின் ஒரே சாவியும் அவள் பைக்குள்தான் கிடந்தது.

"நேத்து என்னை எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போன?"

"எட்டரைக்கும்மா. ஏழுக்கே வந்தேன். இன்னும் வேலை இருக்கு, அப்புறம் வான்னு நீதானே விரட்டின?"

அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே போயிற்று? எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. அவள் பீடத்துப் படிகளில் இறங்கி வந்தாள். அவள் அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டாள் என்று வீடே சிரித்தது. கடைசியில் பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்டாள்.

அதற்குள் போதகர் வந்துவிட்டார். பின்னால் துடைப்பத்தோடு கோயில்பிள்ளை.

"என்னய்யா இது? இன்னைக்கு என்ன நாள்னுகூடத் தெரியாதா உனக்கு?"

"சத்தியமா நான் தொடலைங்க ஐயா."

"நீ தொடாம, துணி தானா ஏறி உட்கார்ந்துச்சா? கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கோயில்பிள்ளையின் முகம் வெளிறிப்போனது. பீடத்து அம்மா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், விஷயம் அவன் தலையோடு போய்விடும். அவளுக்கு அந்த ஆசை வரத்தான் செய்தது. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும்.

"அவன் இல்லைங்க ஐயா. நான்தான் போட்டிருக்கேன்."

"நீங்களா? ஏம்மா?"

"தெரியலை. போட்டது எனக்கு ஞாபகமே இல்லை."

கோயில்பிள்ளை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான். போதகர் மெல்லச் சொன்னார். "நீங்க உட்காருங்கம்மா. நாங்க எடுத்துடறோம்."

"வேண்டாம். என் வேலை, நானே எடுக்கிறேன்."

விறுவிறுவென்று படியேறினாள். பீடத்தின் முன் போய்க் கையை நீட்டினாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. எதை முதலில் எடுப்பது? துணியையா, பூவையா? அவள் திரும்பி மகளைப் பார்த்தாள்.

மகள் அருகில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "மெழுகுவர்த்தி முதல்லம்மா."