தக்காளிப் பாத்தி

ஆடி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்த அந்தோணி படுக்கப் போகவில்லை. மற்ற நாட்களில் முகம் கழுவக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலில் விழுகிறவன், அன்று சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு போய் மண்ணைக் கொத்த ஆரம்பித்தான். இடது கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும் இன்னும் இருந்தன. அந்தக் கையால் எடை தூக்கக் கூடாது, அதன்மேல் சாய்ந்து படுக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக்கூட அதை நீட்டக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் கொத்தினான். சமையலறை ஜன்னல் வழியாக அம்சா பார்த்தாள்.

"இன்னாய்யா பண்ற?"

"சும்மா."

"சும்மாவா? ஊசி எடுத்து ரெண்டு மணி நேரம்கூட ஆவல."

"படுத்துக்கினே இருந்தா பைத்தியம் புடிக்குது அம்சா. வுடு."

அவள் விட்டுவிட்டாள். இருபது வருடம் மினி லாரி ஓட்டியவன். மதனப்பள்ளியிலிருந்து தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் காஞ்சிபுரம் மார்க்கெட்டில் இறக்கிவிடுவான். கால் வீங்கியபோது வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதால் என்று நினைத்தார்கள். மூச்சு வாங்கியபோது புகையிலையால் என்று நினைத்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் சுருங்கிப்போயிருந்தன. பிரஷர் பல வருடங்களாக இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். வண்டியை முதலாளி வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி. மற்ற ஐந்து நாளும் கட்டில். மாகறல் போகிற சாலையில் காலனியின் கடைசி வீடு அவர்களுடையது. பின்னால் இரண்டரை சென்ட் காலி மண் இருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அதில் விறகும் உடைந்த ஓடும்தான் கிடந்தன.

பத்து நாளில் அந்த மண் பாத்திகளாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த விதைக் கடையில் கத்தரி, வெண்டை, சிறுகீரை, தக்காளி என்று வாங்கிவந்தான். அம்சா பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டயட் சொல்லும் பெண் கொடுத்த காகிதம் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தது. பொட்டாசியம் ஏறும் என்று சாப்பிடக் கூடாதவற்றை அந்தப் பெண் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தாள். தக்காளியைச் சுற்றி இரண்டு சுழி, பப்பாளியைச் சுற்றி ஒன்று.

"கூடாதுன்னதையே பாத்துப் பாத்து வாங்கியாந்துக்கிற."

"எனக்கா வாங்கியாந்தேன்? நீ துன்னு. பாப்பா ஹாஸ்டல்லேந்து வந்தா துன்னட்டும். எத்தினி லோடு தக்காளி ஏத்திக்கிறேன், செடில எப்படித் தொங்குதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல."

அது உண்மைதான். அவள் பொட்டலங்களை மறுபடி மடித்து வைத்தாள்.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் அம்சாவுக்கு வேலை. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மறுபடி மடித்து அடுக்க வேண்டும். காலையில் எட்டரைக்குக் கிளம்புவதற்குள் அவனுக்கான காய்களைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, சக்கையை மட்டும் தாளித்து வைப்பாள். வடித்த தண்ணீரை அவன் வாங்கி ஆறவைத்துச் செடிக்கு ஊற்றுவான். "என் சோத்த அதுங்க துன்னுதுங்க," என்று சிரிப்பான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அவனுக்கு அளவு. ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். மாத்திரைக்கு ஒரு வாய், சாப்பிட்டதும் ஒரு வாய். ஆனால் செடிகளுக்கு டிரம்மிலிருந்து மக்கு மக்காக மொண்டு ஊற்றினான். ஊற்றும்போது ஒவ்வொரு மக்கையும் ஒரு கணம் கையில் வைத்துப் பார்ப்பதை அம்சா கவனித்தாள். சில சமயம் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து, வீணாகாமல் கத்தரிச் செடியின் அடியில் துப்புவான். தொண்டை இறங்காமல் கன்னத்துக்குள்ளேயே அந்தத் தண்ணீர் புரள்வதைப் பார்க்க முடியாமல் அவள் சமையலறைக்குள் திரும்பிவிடுவாள்.

புரட்டாசியில் வெண்டை காய்த்தது. முதல் காயை அவன் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் வேலை முடிந்து வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தான். அன்று அவள் சந்தோஷப்பட்டதுபோல் காட்டிக்கொண்டாள். உண்மையில் சந்தோஷமாகவும்தான் இருந்தது. காலையில் அவன் இடது மணிக்கட்டில், டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்த இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, ரத்தம் சரியாக ஓடுகிறதா என்று அவள் தொட்டுப் பார்ப்பது வழக்கம். வண்டு அடைத்துவைத்ததுபோல் அங்கே ஒரு அதிர்வு இருக்க வேண்டும். அந்த நாட்களில் அது பலமாகவே இருந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்து தோட்டத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. பூவிட்டிருந்த தக்காளிச் செடிகள் அழுகிக் கறுத்துச் சாய்ந்தன. அவன் பின்வாசல் படியில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் வடிந்த அன்றே அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பாத்தியை இன்னும் மேடாக்கி, நாற்று வாங்கிவந்து மறுபடி நட்டான்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஷாரோன் வந்தாள். அவர்களுடைய ஒரே பெண். இருபத்துமூன்று வயது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டேன். எனக்கு மேட்ச் ஆவுதாம்."

அந்தோணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"யாரக் கேட்டு எடுத்த?"

"யாரக் கேக்கணும்? அம்மாவுக்கு சுகர், அதனால முடியாதுன்ட்டாங்க. கிட்னி கேட்டு லிஸ்ட்ல பேரு குடுத்து ஒன்ற வருஷம் ஆவுது. ஒண்ணு இருந்தாலே நல்லா இருக்கலாம்பா, டாக்டரே சொல்றாரு."

"உனக்குக் கல்யாணம் ஆவணும், கொழந்த பொறக்கணும். வவுத்துல தையலோட உன்ன எவன் வீட்டுக்கு அனுப்புறது? இந்தப் பேச்சு இத்தோட போதும்."

"அம்மா, நீ சொல்லுமா."

இருவரும் அம்சாவைப் பார்த்தார்கள். அவள் கையில் ஈரத் துணி இருந்தது. கொடுக்கட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் இவள். எதைச் சொன்னாலும் ஒருவரை அறுத்துப்போடுவதுபோல்தான் இருந்தது. துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். சற்று நேரத்தில் ஷாரோன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகு அந்தோணி, "நீ ஒண்ணும் சொல்லாதது நல்லதாப் போச்சி," என்றான். அவன் அதை எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று அம்சா பல நாள் யோசித்தாள். அவளுடைய மௌனத்தை அவன் தன் பக்கம் சேர்த்துக்கொண்டானா, அல்லது அவள் யாரைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்று கண்டுபிடித்துவிட்டானா?

மார்கழிப் பனியில் தக்காளி காய்த்துத் தள்ளியது. கிளை ஒடியாமல் இருக்கக் குச்சி நட்டு, கிழிந்த வேட்டிக் கரையால் கட்டிவிட்டிருந்தான். கிறிஸ்துமஸுக்கு வந்த ஷாரோன் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஒரு பை நிறையக் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டுத் தில்லையம்மாளுக்கு மதில்மேல் வைத்துக் கொடுத்தார்கள். அம்சா வீட்டில் இல்லாத பகல் முழுவதும் அவன் அந்தப் பாத்தியில்தான் இருந்தான்.

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை காலையில் அவனால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. கால் இரண்டும் மரத்துக் கிடந்தன. உதடு குழறியது. அம்சா அவன் நெஞ்சில் காதை வைத்தாள். துடிப்பு ஒன்று வந்து, அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் குமரன் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

"பொட்டாசியம் பயங்கரமா ஏறிக்கிது. இன்னாம்மா குடுத்தீங்க?" என்று கேட்டாள் அங்கிருந்த இளம் டாக்டர்.

"ஒண்ணும் குடுக்கலமா. வேகவெச்சி வடிச்சித்தான் குடுக்கறேன். சத்தியமா ஒண்ணும் குடுக்கல."

"இன்னும் ஒரு மணி நேரம் ஆயிருந்தா ஹார்ட் நின்னிருக்கும். பொய் சொல்லாதீங்க."

அவள் வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டாள். நர்ஸ் அவனுடைய சட்டையையும் பனியனையும் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். பனிக்காலம் முழுவதும் தோட்டத்தில் போட்டுக்கொண்டு, துவைக்கவும் தராத சட்டை; மடிக்கப் போனபோது அதன் பை விறைப்பாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே துணியோடு காய்ந்து ஒட்டியிருந்தன தக்காளி விதைகள். ஒன்று இரண்டல்ல. ஒருநாள் விதைகளும் அல்ல. கீழே அடுக்கடுக்காகப் பழுப்பேறிக் கிடந்தன.

மறுநாள் மெஷினில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தபோது அவனிடம் கேட்டாள்.

"எத்தினி நாளா?"

அவன் மேலே ஃபேனைப் பார்த்தான்.

"ஆசையா இருந்துச்சி அம்சா. தாகத்துக்கு நல்லா இருந்துச்சி. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? என் மொகத்தப் பாத்துச் சொல்லு. பாப்பா கிட்னி குடுக்கறேன்னு சொன்னதாலயா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிறவனின் மூச்சு அல்ல அது.

உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தவள் நேராகப் பின்பக்கம் போனாள். முதல் செடி சுலபமாகக் கையோடு வந்தது. பிறகு நிறுத்தவில்லை. குச்சி, வேட்டிக் கரை, பிஞ்சு, பழம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடுங்கி மூலையில் குவித்தாள். உள்ளங்கை முழுவதும் அந்தப் பச்சை வாசனை ஏறியது. சத்தம் கேட்டுத் தில்லையம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"இன்னாம்மா இது, காய்க்கிற செடியப் போயி?"

அம்சா கையிலிருந்த செடியைக் குவியலில் எறிந்தாள். தில்லையம்மாள், "அழுதுடும்மா. பரவால்ல," என்றாள். அழுகை வரவில்லை.

எட்டாம் நாள் அவனை அனுப்பிவைத்தார்கள். அதற்கு முன் டாக்டர் அவளையும் ஷாரோனையும் தனியாக அழைத்தார். இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, இனி யார் கிட்னி கொடுத்தாலும் ஆபரேஷனை அவர் தாங்கமாட்டார், லிஸ்ட்டிலிருந்தும் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று நிதானமாகச் சொன்னார். ஷாரோன் கேள்விமேல் கேள்வி கேட்டாள். அம்சாவுக்கு ஒன்றுமே காதில் விழவில்லை. டாக்டர் சொல்லி முடித்த அந்தக் கணத்தில் அவள் நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. இனி அவள் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மகளின் வயிற்றில் கத்தி படாது. அந்த நிம்மதி ஒரு மூச்சளவுதான் இருந்தது. அது என்ன நிம்மதி என்று தெரிந்ததும், எழுந்து வெளியே நடந்தாள்.

வராண்டாவில் ஷாரோன் சொன்னாள், "அன்னிக்கி நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பா கேட்டிருப்பாரும்மா."

"நான் எப்படிடி சொல்லுவேன்?"

"சொல்லியிருக்கலாம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதும் குறைந்தது. ஷிஃப்ட் மாறிவிட்டது என்றாள்.

அந்தோணி வீட்டுக்கு வந்த அன்று சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்வாசல் வரை நடந்தான். வெறும் பாத்தியைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். திரும்பி வந்து கட்டிலில் படுத்துக்கொண்டான். அதன்பிறகு அவன் தோட்டத்துக்குப் போகவில்லை. போக முடியவுமில்லை; நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைத்தது. வாரம் இரண்டு முறை போதாது, மூன்று முறை வரச் சொல்லிவிட்டார்கள். கடையிலும் அவளால் முழுநாள் நிற்க முடியவில்லை. கவனிப்பாரில்லாமல் கீரை பூத்துப் போனது. கத்தரியைப் புழு தின்றது. பறிக்காத வெண்டைகள் விரல் மொத்தத்துக்கு முற்றிச் செடியிலேயே காய்ந்து வெடித்தன.

பங்குனி வெயிலில் ஒரு நாள், அவன் படுத்திருந்த கட்டிலின் ஜன்னலுக்கு நேரே, கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பப்பாளி மரம் நிற்பதை அம்சா கவனித்தாள். அதை யாரும் நடவில்லை. குப்பையில் விழுந்த விதை எப்போதோ முளைத்து, யாரும் பொருட்படுத்தாமலே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, தண்டை ஒட்டி ஏழெட்டுக் காய் வைத்திருந்தது. ஒன்று மட்டும் பழுத்து, பாதிக்கு மேல் மஞ்சளாகியிருந்தது.

"பாத்தியா?" என்றாள்.

"ம். நாலு நாளாப் பாத்துக்கினு கீறேன்," என்றான் அவன். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

அவள் அவன் தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மைனாக்கள் வந்து இறங்கின. ஒன்று தண்டைப் பற்றிக்கொண்டு பழத்தைக் கொத்தியது. மஞ்சள் தோல் கிழிந்து உள்ளே செக்கச் சிவந்த சதை தெரிந்தது. சாறு ஒழுகித் தண்டின் வழியே கீழே இறங்கியது. இன்னொன்றும் அருகில் தாவி வந்தது. இரண்டும் அவசரமில்லாமல், மாறி மாறி, தலையை உள்ளே விட்டுக் கொத்தின. அவன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டை நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டான். கையைத் தட்டினால் பறந்துவிடும் தூரம்தான். அவன் தட்டவில்லை. அவளும் தட்டவில்லை.